அத்தானின் இடுப்பில் ஒரு துண்டு

என் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊர் திருவாரூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து போக வேண்டும். அந்தத் தெருக்காரர்கள் கூடிக் கட்டிய சின்ன மாதா கோயிலில், பீடத்துக்குப் பின்சுவரில் ஒரு படம் இருக்கிறது. அகலமான ஹார்ட்போர்டில் எண்ணெய் வண்ணம் கொண்டு வரைந்தது. வைக்கோல்மேல் குழந்தை, அதன் தலைமாட்டில் தாய், இடதுபுறம் சற்றுத் தள்ளிக் குனிந்து நிற்கும் சூசையப்பர், அதாவது குழந்தையின் வளர்ப்புத் தகப்பனார். சூசையப்பரின் முகம் என் அத்தானுடையது.

சாயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வலது புருவத்துக்கு மேலே கதிரரிவாள் பட்ட தழும்பு வரைக்கும் அப்படியே இருக்கிறது.

அப்போது நான் தாலுகா சர்வே ஆபீஸில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். பண்ணையாட்கள் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து, பட்டா கொடுக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தாளில் காட்டுவது எங்கள் வேலை. நாங்கள் போடும் படங்களில் மனிதர்கள் கிடையாது. வட்டமிடும் பருந்துக்குத் தெரிவதுபோல் நிலத்தை மேலிருந்து பார்த்துக் கோடு போடுவோம். பென்சிலை ஊசி போல் சீவி வைப்பதும், நாள் முடிந்ததும் நடந்ததை ஒழுங்காக எழுதி வைப்பதும் அந்த ஆபீஸில் ஒட்டிக்கொண்ட பழக்கங்கள். மனிதர்கள் நிற்கிற ஒரு படத்தை நான் உட்கார்ந்து கோடு கோடாகப் படித்தது இந்த ஒன்றைத்தான். அதுவும் ரசனையால் இல்லை, குடும்பத் தகராறால்.

ஓவியர் தஞ்சாவூர்க்காரர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுகிறவர். தர்பார் திரை, தெருத் திரை, காட்டுத் திரை என்று மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன் என்பார். ஆளுங்கட்சி மாநாட்டுக்கு முகப்பு வளைவு வரையத் திருவாரூர் வந்திருந்தவரை, அத்தானும் தெருக்காரர்கள் சிலரும் போய்க் கூப்பிட்டு வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் படம் முடிய வேண்டும், பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார் என்று ஏற்பாடு.

ஓவியர் நெட்டையான, வெற்றிலை போடுகிற, பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிற மனிதர். வந்த அன்றே சொன்னார்: “சூசையப்பர் தச்சு வேலை பாத்தவருங்க. ஒழைச்ச மூஞ்சி வேணும். எனக்கு ஒரு ஆளைக் காட்டுங்க.”

கூட்டத்தில் இருந்த அக்காள் யோசிக்கவேயில்லை. “எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க” என்றாளாம்.

அக்காள் பால்வாடியில் டீச்சர். அத்தானை ஊரார் முன்னால் கிண்டல் செய்வதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததில்லை. அத்தானும் அதற்கு ஈடுகொடுப்பார். ஒரு சாயங்காலம் முழுவதும் கோயில் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைக் கொடுத்தார். நடுநடுவே அக்காள் முறுக்கு கொண்டுவந்து வைக்க, அவர் அதை மென்றுகொண்டிருக்க, ஓவியர் “அண்ணே, தாடைய ஆட்டாதீங்க” என்று கெஞ்ச, தெருவே வேடிக்கை பார்த்தது. முகத்தை எடுத்துக்கொண்டபின் ஓவியர் கோயிலுக்குள் போர்டுக்கு முன்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொண்டு மீதியை வரைந்தார். முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்பது அவர் கண்டிப்பு.

திரையை விலக்கிய அன்று நான் ஊரில் இல்லை. நடந்ததை அக்காளே வரிவரியாகச் சொன்னாள்.

எல்லோரும் கோயிலுக்குள் கூடி நின்றார்களாம். வேட்டியை இழுத்ததும் “ஆ” என்று ஒரே சத்தம். குழந்தை பளபளவென்று இருந்தது. பின்னால் இரண்டு பெரிய தூண்கள், மேலே வளைவு, ஓரத்தில் மடித்துக் கட்டிய பட்டுத் திரை. இடதுபுறத்தில் அத்தான் குனிந்து கைகூப்பி நின்றார். அவர் துண்டு இடுப்பில் கட்டியிருந்தது.

அடுத்த வீட்டுச் சின்னம்மா முன்வரிசையில் நின்றவள். வாய்க்கு அஞ்சாதவள். படத்தையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாளாம்: “என்ன மாப்ள, குளிரு விட்டுப்போச்சா?”

கோயிலே சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்தச் சிரிப்பு புரிய வேண்டுமானால் அதற்குச் சில வருஷம் முந்தைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் பண்ணை வீட்டு வாசலுக்குப் போகிற ஆள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதாத சட்டம். குறுவை அறுப்புக்கு முன்னால் கூலி பேச விவசாயச் சங்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் பண்ணை வீட்டுக்குப் போனார்கள். வாசற்படி கிட்டே வந்ததும் மற்றவர்கள் கை தானாகத் தோளுக்குப் போயிருக்கிறது. அத்தான் கை போகவில்லை. காரியஸ்தர் முன்னால் வந்து, “தோள்ல என்னடா துண்டு? எடுடா” என்றிருக்கிறார். பொன்னுருகக் காய்கிற புரட்டாசி வெயில். அத்தான் முதுகில் வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் துண்டை இன்னும் நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு பணிவாகச் சொன்னாராம்: “குளிருதுங்க.”

அந்த ஒரு சொல்லுக்காகப் பண்ணையில் அவருக்கு வேலை நின்றது. வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போய்க் காலம் தள்ளினார். ஆனால் அடுத்த தடவை கூலி பேசப் போனபோது தெருவில் ஒருவரும் துண்டை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாராவது வீம்பு பிடித்தால் “ஏன், குளிருதா?” என்பதுதான் கேள்வி. குழந்தைகள்கூடச் சொல்வார்கள். சோறு வேண்டாம் என்கிற பிள்ளையைத் தாய் அப்படித்தான் கேட்பாள். அத்தானுக்கு நிலம் கிடையாது, நகை நட்டு கிடையாது. இந்த ஒரு சொல் இருந்தது. சின்னம்மா அந்தச் சொல்லைத்தான் திருப்பிப் போட்டுவிட்டாள். கோயில் சுவரில், எல்லாரும் பார்க்க, அவர் துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

நான் சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது அத்தான் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை. அது அவர் வழக்கமே இல்லை.

“மாப்ள, அந்த ஆளுகிட்ட சொல்லிடு. என் மூஞ்சிய அழிச்சிடச் சொல்லு. வேற யார் மூஞ்சிய வேணும்னாலும் வச்சுக்கட்டும்.”

“என்னத்தான், வரைஞ்சு முடிச்சாச்சே.”

“மூஞ்சியத்தான் கேட்டாரு, குடுத்தேன். இடுப்பக் கேட்டாரா? என்னைக் கேக்காம என் இடுப்புல கட்டிட்டாருப்பா.”

வீட்டில் அக்காள் வேறு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தாள். “அழிக்கிறதாவது? அந்த மூஞ்சிய அவ்வளவு நல்லா இந்த ஜென்மத்துல யாரும் வரையமாட்டாங்க. போட்டோவுல பாத்தா உங்க அத்தான் திருடன் மாதிரி இருக்காங்க. இதுல பாரு, எவ்வளவு அமைதி! வச்சாத்தான் நான் கோயிலுக்கு வருவேன்.”

“வச்சா நான் வரமாட்டேன்” என்று வெளியிலிருந்து சத்தம் வந்தது. மதகில் இருந்தவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

சாமியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அதற்குள் முகத்தை அழித்துவிடுவதா, அப்படியே வைத்திருப்பதா என்பதுதான் கேள்வி. ஓவியர் பெருந்தன்மையாக, “அண்ணன் வேண்டாம்னா சுரண்டிடறேன், மனசில்லாத மூஞ்சிய வச்சு நான் என்ன பண்ணப் போறேன்” என்று சொல்லியிருந்தார். அக்காள் என்னிடம், “நீ கோடு போடற ஆளு, போய்ப் பாத்து ஒரு வழி சொல்லு” என்றாள்.

போய்ப் பார்த்தேன். முதலில் எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. தெய்வத்தின் முன்னால் மேல் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது தஞ்சாவூர்ப் பக்கத்தில் எந்தக் கோயிலிலும் காண்கிற மரியாதை. ஓவியர் பிறந்ததிலிருந்து பார்த்ததை வரைந்திருக்கிறார். குனிந்த முதுகு பக்தி, கூப்பிய கை பக்தி, துண்டும் பக்தி. இதைத்தான் அத்தானிடம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியத்தைக்கூட அமைத்துக்கொண்டேன்.

பிறகு பழக்கதோஷத்தில் தரையைப் பார்த்தேன். தூண்களுக்கு முன்னால் தரையில் கட்டம் கட்டமாகக் கல் பாவியிருந்தது. ஒரு நூலை எடுத்து, உள்நோக்கிப் போகும் கல் ஓரங்களோடு பிடித்து நீட்டினேன். எந்தக் கல்லின் அந்த ஓரத்தைப் பிடித்தாலும் நூல் ஒரே இடத்தில் போய் முட்டியது. குழந்தையிடம் போகவில்லை. தாயிடமும் போகவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு வாசல் இருந்தது; எல்லாக் கோடுகளும் அந்த இருட்டுக்குள் போய் முடிந்தன. அத்தான் குனிந்திருந்த கோணத்துக்கும் நூல் பிடித்தேன். கூப்பிய கை குழந்தைக்கு மேலாகப் போய் அதே வாசலைத் தொட்டது. தூணின் அடிப்பீடமே அவர் முழங்காலுக்கு மேல் உயர்ந்திருந்தது. அந்தக் கட்டடத்துக்கு எதிரில் எந்த மனிதனையும் நிறுத்தினாலும் அவன் கூலி கேட்க வந்தவன் மாதிரிதான் தெரிவான்.

நான் வைத்திருந்த வாக்கியம் அங்கேயே போய்விட்டது. துண்டு தனியாக எதையும் சொல்வதில்லை. அது யார் வீட்டு முன்னால் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சின்னம்மா நூல் பிடிக்காமலே அதைப் பார்த்திருக்கிறாள். தெருவும் பார்த்திருக்கிறது, அதனால்தான் சிரித்தது.

அன்று சாயங்காலம் கோயிலுக்குள் ஒரு சபை கூடியது. அத்தான், அக்காள், ஓவியர், நான், அப்புறம் அந்தக் கோயிலின் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்கிறவர் அவர். நான் நூல் பிடித்துக் காட்டினேன். ஓவியர் ஆச்சரியத்தோடு பார்த்தார்.

“அட, ஆமாங்க! தர்பார் திரை எழுதறப்போ கோடெல்லாம் நடு வாசலுக்குத்தான் போகும். கை தானா அப்படிப் போட்டிருக்கு.”

அத்தான் கேட்டார்: “அந்த வாசல் யாரு வீட்டு வாசல்ங்க?”

“யாரு வீடும் இல்லண்ணே. தர்பாருக்கு உள்ள போற வழி.”

“உள்ள யாரு இருக்கா?”

“இப்ப யாருமில்ல. நாடகத்துல ராஜா அது வழியாத்தான் வருவாரு.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “பாத்தியா மாப்ள? வரப்போறாராம். நான் கைகட்டி நிக்கிறேன்.”

“கைகூப்பி” என்று திருத்தினார் உபதேசியார்.

“எதுவா இருந்தா என்ன உபதேசியாரே? நான் மாதாவுக்கு முன்னாடி துண்ட எடுப்பேன். பாலனுக்கு முன்னாடி எடுப்பேன். தெனமும் எடுக்கிறேன், நீங்களே பாத்திருக்கீங்க. அந்த வாசப்படிக்கு எடுக்கமாட்டேன்.”

துண்டைத் தோளுக்கு மாற்றிவிடலாமா என்று ஓவியரைக் கேட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். “தெய்வக் கொழந்தைக்கு முன்னால தோள்ல துண்டா? என் கை விளங்காதுங்க.” அக்காள் ஒரு யோசனை சொன்னாள். துண்டைக் குழந்தைக்குக் கீழே, வைக்கோல் குத்தாமல் விரித்த மாதிரி வரைந்துவிடலாம். எனக்கு அது அழகாகப் பட்டது. உபதேசியார் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“அப்ப நான் துண்டே இல்லாம நிக்கணுமா?” என்றார் அத்தான். “இடுப்புல கட்டுனா அடிமை. துண்டே இல்லன்னா பிச்சைக்காரன். நல்லா பண்றீங்கடி குடும்பத்தோட.”

அந்த யோசனை அதோடு போயிற்று.

இவ்வளவு பெரிய தூண்களை மாட்டுக் கொட்டிலில் எதற்கு வைத்தார் என்று கேட்டேன். ஓவியர் தன் பையிலிருந்து ஒரு அச்சுப் படத்தை எடுத்தார். வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் மாலையும் மெழுகுவர்த்தியும் விற்கிற கடையில் வாங்கியது, வெளிநாட்டு ஓவியம் ஒன்றைப் பார்த்து அச்சடித்தது. அதிலும் தூண்கள் இருந்தன. ஆனால் பாதியில் உடைந்து கிடந்தன. வளைவு இடிந்து அதில் செடி முளைத்திருந்தது. உடைந்த தூண்மேல் கம்பு சாத்தி வைக்கோல் வேய்ந்து, அதன் கீழே குழந்தை.

“இதுல எல்லாம் இடிஞ்சு கெடக்கே?” என்றேன்.

“ஆமாங்க. சாமி படத்துல இடிஞ்ச கட்டடத்த வரையலாமா? மூளிச் சிலைய யாராவது கும்பிடுவாங்களா? அதான் நான் பாத்துப் பாத்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்.”

உபதேசியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “அட கடவுளே! அது வேணும்னே இடிச்சு வச்சதுங்க. பழைய ராஜ்யம் முடிஞ்சுபோச்சு, புதுசு பொறந்திருக்குன்னு அர்த்தம். சாமியாருங்க படிக்கிற குருமடத்துல சாமி ஒருத்தரு சொல்லியிருக்காரு.”

அத்தான் முகம் அந்த வாரத்தில் முதல்தடவையாக மலர்ந்தது. “அப்படியா சேதி! அப்ப இடிச்சிடுங்க.”

“இடிக்கிறதா?”

“அந்தத் தூண இடிங்க. வளைவ இடிங்க. நல்லாத் தரமட்டமா இடிங்க. அப்பறம் என் துண்டு எங்க இருந்தா என்ன?”

அக்காள் எழுந்தே விட்டாள். “நல்லா இருக்கு! இப்பத்தான் அறுப்புத் தகராறு நடந்து ஊருல போலீஸ் வந்துட்டுப் போயிருக்கு. பண்ணை வீட்டுத் தூண் மாதிரியே ரெண்டு தூண கோயில்ல இடிச்சுப் போட்டு, அதுக்கு முன்னால இவங்க மூஞ்சியையும் வச்சா, யாரு வருவான்னு தெரியுமா? சாமி வர்றதுக்கு முன்னால இன்ஸ்பெக்டர் வருவாரு மந்திரிக்க.”

ஓவியரும் முடியாது என்றார். மூளிக் கட்டடம் வரைந்தால் தன் வீட்டில் ஏதாவது நடக்கும் என்று பயந்தார். இடித்த தூண் மட்டும் படத்தில் இருந்திருந்தால் அத்தான் என்றென்றைக்கும் சந்தோஷமாக இருந்திருப்பார் என்று எனக்கு இன்றும் நிச்சயம். ஆனால் அன்று அக்காள் சொன்னது நியாயம். பக்கத்து ஊர்களில் அறுவடைக் கூலிக்காக என்னென்னவோ நடந்துகொண்டிருந்த காலம். கடைசியில் ஓவியர், “சரி, நாளைக்கு மூஞ்சிய சுரண்டிடறேன்” என்று எழுந்தார். அக்காள் “சாப்பிட வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் வீடு அந்தத் தெருவில் எல்லா வீடும் போல, மூங்கில் கால் நட்டு, மண்சுவர் வைத்து, தென்னங்கீற்றுக்கு மேல் வைக்கோல் போர்த்திய வீடு. மழைச்சாரல் சுவரை அறுக்காமலிருக்கக் கூரையின் ஓரத்தை, இறவாரத்தை, நன்றாக இறக்கிக் கட்டியிருப்பார்கள். நாங்கள் எல்லாம் யோசிக்காமலே குனிந்து நுழைந்தோம். பின்னால் வந்த ஓவியர் நெட்டை மனிதர். கவலையில் வேறு இருந்தார். ‘டங்’கென்று இறவாரத்து மூங்கிலில் நெற்றியை இடித்துக்கொண்டு, “ஐயோ அம்மா” என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்காள் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். அத்தான் அவர் நெற்றியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, “இந்த வீட்டுக்குக் குனிஞ்சுதான் வரணுங்க. கலெக்டரா இருந்தாலும் குனியணும். காரியஸ்தரா இருந்தாலும் குனியணும்” என்றார்.

“அவரு எப்ப வந்தாரு இங்க?” என்றாள் அக்காள்.

“வந்தா குனியணும்ல?”

ஓவியர் நெற்றியைத் தடவிக்கொண்டே அத்தானைப் பார்த்தார். அத்தான் அதற்குள் வாசல் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்குவதற்காகத் துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, இறவாரத்துக்குக் கீழே குனிந்து நின்றிருந்தார். ஓவியர் என்னையும் பார்த்தார். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் நிற்கிற அதே நிலை. முதுகு வளைவும் அதுவே, துண்டும் அதே இடத்தில். கூப்பிய கைக்குப் பதிலாகப் பானை மட்டும்.

“அண்ணே, ஆடாதீங்க” என்றார் ஓவியர்.

“மறுபடியுமா? சோறு ஆறுதுங்க.”

சாப்பாடு ஆறித்தான் போயிற்று. ஓவியர் கைகழுவாமலே பேசினார். அண்ணனைத் தொட வேண்டாம், துண்டைத் தொட வேண்டாம், கட்டடத்தை மாற்றிவிடலாம். தூணையும் வளைவையும் இடிக்காமல் அழித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த வீட்டையே கொண்டுவந்து வைத்துவிடலாம். கூரை தலைக்கு மேல் வந்துவிட்டால் குனிவது கூரைக்காக என்று ஆகிவிடும்.

அத்தான் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். “பாலன் பொறந்தது மாட்டுக் கொட்டில்லதானே?”

“நம்ம வீட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம் இருக்கு?” என்றாள் அக்காள். “கன்னுக்குட்டிய மழைக்கு உள்ளதானே கட்டுறோம்.”

“ஞாயித்துக்கெழம நான் பாப்பேன். எனக்குப் பிடிக்கலன்னா மூஞ்சிய எடுத்துடணும்.”

“எடுத்துடறேன்ணே.”

மறுநாள் காலை நான் டேப் பிடித்து வீட்டு முகப்பை அளந்து, ஒரு தாளில் வரைந்து ஓவியருக்குக் கொடுத்தேன். அந்த மனையை ஆபீஸ் தாளில் நாலு கோடாகப் போட்டவன் நான். பருந்துப் பார்வையை விட்டுத் தரையில் நின்று அதே இடத்தை வரைந்தது அன்றுதான். மூங்கில் காலின் உயரம், இறவாரத்தின் சரிவு, உள்ளே போகிற வழியின் அகலம் எல்லாம் குறித்தேன். ஓவியர் அதை மடியில் வைத்துக்கொண்டு தன் தூண்களை நெடுநேரம் பார்த்தார். “எவ்வளவு நல்லா வந்த தூணுங்க இது. அழிக்கக் கை வரல” என்றார். பிறகு வைக்கோல் நிறத்தைக் குழைத்து முதல் தீற்றைத் தூணின் மேல் இழுத்தார். நான் பஸ் ஏறப் போகும்போது கல் தரை சாணி மெழுகிய தரையாகிக்கொண்டிருந்தது. கோடுகள் மறைந்தன. நூல் பிடிக்க இனி ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு சீக்கிரமே போய்விட்டேன். சாமியார் வருவதற்கு முன்னால் தெருக்காரர்கள் மறுபடி கோயிலுக்குள் கூடியிருந்தார்கள். அக்காள் புதுச் சேலை உடுத்தியிருந்தாள். அத்தான் கடைசி வரிசையில், கதவோரம், உடனே வெளியே போய்விடத் தோதாக நின்றார். ஓவியர் ஒரு சுரண்டுகத்தியைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்திருந்தார். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

வேட்டியை இழுத்தார்.

தர்பார் போய்விட்டிருந்தது. கறுப்பு வாசல் இருந்த இடத்தில் மண்சுவர், அதில் ஒரு சிம்னி விளக்கு, அதன் மஞ்சள் வெளிச்சம் குழந்தைமேல் இறங்கியிருந்தது. மேலே வைக்கோல் கூரையின் இறவாரம் அத்தானின் தலைமுடியை உரசுகிற மாதிரி தாழ்ந்து வந்திருந்தது. அத்தான் அப்படியே இருந்தார், ஒரு தீற்றுக்கூட மாறாமல். ஆனால் அவர் இப்போது குழந்தையைத்தான் பார்த்தார். கண் எப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அன்று தூணுக்கு முன்னால் அதை நான் கவனிக்கவில்லை.

எல்லாரும் சின்னம்மாவைப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பீடத்துக்குக் கிட்டே போனாள். கழுத்தைச் சாய்த்துக் கூரையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். கடைசி வரிசையில் அத்தான் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ஏய்யா, தலய பாத்து” என்றாள் சின்னம்மா, படத்தைப் பார்த்து. “இடிக்கப் போவுது.”

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, தெரியாதவர்களுக்கு விளக்குவதுபோல் சொன்னாள்: “புள்ளையத் தூக்கப் போறான் போலருக்கு. அதான் துண்ட வரிஞ்சு கட்டிக்கிட்டான்.”

மறுபடி கோயிலே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு வேறாக இருந்தது. “சொந்த மனையில எப்படி வேணா கட்டலாம்ல” என்று யாரோ சொன்னார்கள். “பட்டா வந்துடுச்சுல்ல” என்று இன்னொரு குரல். உபதேசியார் மணியை அடிக்கப் போனார். ஓவியர் கத்தியைத் துணியோடு எடுத்துப் பைக்குள் போட்டார்.

அத்தான் கதவோரத்திலிருந்து மெல்ல நடந்து முன்னால் வந்தார். அக்காள் பக்கத்தில் நின்று தன் முகத்தைத் தானே வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாம் சரி” என்றார் கடைசியில். “மூக்கு இவ்வளவு பெரிசாவா எனக்கு இருக்கு?”

“அது ஒண்ணுதான் சரியா வந்திருக்கு” என்றாள் அக்காள்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறித் தரையில் விரித்து, அதன்மேல் முழங்கால் போட்டார். வெளியே சாமியாரின் சைக்கிள் மணி கேட்டது.